பெருமகனின் மோவாய்

அன்று அந்த நெடுங்கூடத்தில் இருந்தோர் எழுவர்: இறந்துபோன பெருமகனின் மனைவி, பதினோர் அகவை நிரம்பிய அவர் மகள், பெருமகனின் தம்பியார், வழக்கைத் தீர்க்க வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர், மாளிகையின் மேலாள், முப்பது ஆண்டுகளாகச் செல்வர்களின் உருவங்களை எழுதி 'மாளிகைக் கண்ணாடி' என்று பெயர் வாங்கிய ஓவியன், அவனுடைய தமையனாகிய நான்.

பொழுது சாய இன்னும் இரண்டு நாழிகை இருந்தது. கீழே ஆறு, அடித்து விரித்த வெள்ளித் தகடென அசையாது கிடந்தது. சரிவில் ஒன்றன் தோள்மேல் ஒன்றாக ஏறி நின்ற செல்வர் மாளிகைகள், தம் அழகைத் தாமே கண்டு மகிழ்வன போலக் கண்ணாடிப் பலகணிகள்தோறும் வெயிலை ஏந்திக்கொண்டு, தமக்குக் கீழே குடியிருந்த ஊரை ஒருமுறையும் குனிந்து பாராமல் நின்றன. அவற்றுள் உயர்ந்த மாளிகையின் கூடத்தில், அந்த வெயில் சாய்ந்து விழுந்த சுவரில், பொன் பூசிய சட்டங்களுக்குள் மூவர் தொங்கினர்: பாட்டனார், தந்தையார், அண்மையில் மறைந்த பெருமகன். மூவர்க்கும் மோவாய் ஒன்றே. உளியால் கடைந்தெடுத்தது போன்று, நடுவே சிறு குழி விழுந்து, நாடாளவே பிறந்தது போல் முன்னே நீண்டு நின்றது அது.

அந்த மோவாயின் பிறப்பை, பெரியீர், நான் அறிவேன். இளமையில் என் தம்பி ஓவியம் கற்ற பட்டறையின் மூலையில், மாணவர் பார்த்து வரைவதற்கென்று சுண்ணத்தில் வார்த்த தலை ஒன்று இருந்தது. மற்ற மாணவர் அதைக் கடந்து மரத்துக்கும் மாட்டுக்கும் மாந்தர்க்கும் போய்விட, இவன் இரண்டு ஆண்டு அதன் எதிரிலேயே அமர்ந்து, அதன் மோவாயைக் கண்ணை மூடிக்கொண்டும் வரையுமளவுக்குத் தேர்ந்தான். வேறொன்றும் கற்கவில்லை என்பது ஆசிரியரின் கருத்து. ஆயினும் கல்வி வேறு, பிழைப்பு வேறு. மாறுகண் கொண்ட ஒரு மூதாட்டியாரை, தோளில் வந்தமர்ந்த கிளியைப் பார்ப்பவராக அவன் எழுதிக் கொடுத்த அன்றே அவன் வாழ்வு திறந்துகொண்டது. அம்மூதாட்டியார் கிளி வளர்த்தவர் அல்லர். அவருக்கு வேண்டியிருந்ததும் கிளி அன்று.

அதன்பின் பெருங்குடியினர், வெல்லம் சிந்திய இடத்துக்கு எறும்பு வருவது போல, வரிசை கலையாமல் வந்தனர். நூலொன்றை விரித்துப் பாராதவருக்குக் கையில் நூல் கொடுத்தான். கதவு தட்டும் ஓசைக்கே நடுங்குபவருக்கு இடையில் வாள் கொடுத்தான். மோவாய் இல்லாதவருக்கும், இரண்டு மூன்று இருந்தவருக்கும், முறை வழுவாமல் ஆளுக்கொன்று கொடுத்தான். வேலை பெருகவே, தலையில்லாத உடல்களை முன்னரே எழுதிப் பட்டறைச் சுவரோரம் சாத்தி வைத்தான். ஆண்களுக்கு ஆறு, பெண்களுக்கு நான்கு. துணிக்கடையில் துணி தேர்வது போலப் பெருமாட்டியர் வந்து தத்தமக்கு உடல் தேர்ந்தனர்.

"இது வேணாம். போன வருசம் என் ஓரகத்தி எடுத்துட்டுப் போன உடம்பு இது" என்று ஓர் அம்மையார் முகம் சுளித்ததை நானே கேட்டேன்.

"அது வேறங்கம்மா. இதுல இடுப்பு ரெண்டு விரல் கம்மி" என்றான் என் தம்பி.

அம்மையார் அதையே எடுத்துக்கொண்டார்.

ஏடு திருத்துகையில் சரியான விடையைப் பிழையென்று அடித்துவிட்டதற்காக, மாணவன் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டு வந்தவர் எங்கள் தந்தை. இவன் அவருக்கு இளைய மகன். இதற்குமேல் அதுபற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

இனி வழக்கு. பெருமகன் மறைந்து மூன்று திங்கள் ஆகுமுன்னே, அந்தச் சிறுமி தம் தமையனுக்குப் பிறந்தவளே அல்லள் என்றும், தாயும் மகளும் மாளிகையை விட்டு வெளியேற வேண்டும் என்றும் பெருமகனின் தம்பியார் வழக்குத் தொடுத்தார். அவர் காட்டிய சான்று சுவரில் தொங்கியது. சிறுமிக்கு மோவாய் இல்லை. ஆற்று மணல் நீருக்குள் இறங்குவது போல, கீழுதட்டிலிருந்து அவள் முகம் கழுத்துக்குள் நழுவி இறங்கிவிடும். இறந்த பெருமகனுக்கும் அப்படியே இருந்தது. அதை அறியாதவர் அவர் உறவினருள் ஒருவரும் இல்லை. அறிந்ததைச் சொல்ல வந்தவரும் ஒருவர் இல்லை. அவர் படம் பொய் என்று ஒப்பினால், தத்தம் வீட்டுச் சுவரில் தொங்கும் தம் படம் என்னாவது? ஒரு பெண்ணின் நற்பெயரைவிடத் தம் மோவாய் பெரிதென்று, அத்தனை பெருங்குடியும் ஒன்றுபோல் வாய் மூடி இருந்தது. அடுக்களையாளும் வாயிற்காவலனும் சொல்ல வந்தனர். கூலி வாங்குவோர் சொல் செல்லாது என்று தம்பியார் தடுக்க, நடுவரும் அதற்கு இசைந்து அவர்களை வெளியே அனுப்பினார். பிறகு, அம்மாளிகையில் எவரினும் மிகுதியாகக் கூலி வாங்கியவனை, என் தம்பியை, அழைத்து நடுவில் நிறுத்தினர்.

தனியே வர அஞ்சி என்னைத் துணைக்கு அழைத்து வந்திருந்தான். வழியில் நான் சொன்னது ஒன்றுதான்: "அவர் மோவாய மாத்தினது நீ. இன்னிக்கு அந்தப் பொண்ணு தெருவுக்கு வந்துடக் கூடாது. ஒத்துக்க."

"பாக்கலாம் அண்ணே" என்றான்.

நடுவர் படங்களைச் சுட்டினார். "ஓவியரே, இந்த மூணும் நீங்க வரைஞ்சதுதானே?"

"ஆமாங்க."

"பாத்ததப் பாத்தபடியே வரைஞ்சீங்களா?"

சிறுமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "பாத்தபடியேதாங்க. மாத்தி வரையற பழக்கம் எனக்கில்ல."

நான் எழுந்தேன். "உங்களக் கேக்கலைங்க பெரியவரே, உக்காருங்க" என்றார் நடுவர்.

தம்பியார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அப்போது பெருமகனின் மனைவி, குரல் தளராமல், "ஐயா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இவர் கையில ஒரு தாளும் கரிக்கோலும் குடுங்க. என் கொழுந்தனார இங்கயே, நம்ம கண்ணு முன்னாடி வரையட்டும்" என்றார்.

"இது என்ன விளையாட்டு அண்ணி?"

"விளையாட்டு இல்ல தம்பி. நாளைக்கு உங்க படமும் அந்தச் சுவர்ல தொங்க வேண்டியதுதானே. இன்னிக்கே தொடங்கட்டும்."

அந்தச் சொல் அவருக்கு இனித்தது. வயிற்றை உள்ளிழுத்து, இடப்பக்கம் தமக்குச் சிறப்பென்று எவரோ சொல்லியிருக்க வேண்டும், அந்தப் பக்கத்தைத் திருப்பி அமர்ந்தார். உண்டு கொழுத்த அந்த முகம், கீழே வருந்தோறும் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று மடிப்பு விழுந்து, கழுத்துப்பட்டைக்குள் பிதுங்கி நின்றது. என் தம்பி வரைந்தான். கண்ணுக்கும் மூக்குக்கும் இரண்டொரு முறை நிமிர்ந்து பார்த்தான். வாய்க்குக் கீழே வந்ததும் அவன் தலை நிமிரவே இல்லை. பழகிய மாடு தானே வீட்டு வழியில் திரும்புவது போலக் கை தானே திரும்பி, ஒரு வளைவு, ஒரு முனை, நடுவே ஒரு குழி என்று முடித்துவிட்டு நின்றது.

நடுவர் தாளை வாங்கித் தம்பியாரிடம் நீட்டினார். "இது யாருங்க?"

அவர் நெடுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் கண்கள் கனிந்தன. "நான்தான். அப்படியே நான்தான். என்ன கை பாருங்க."

மேலாள் சுவர்ப்பக்கம் திரும்பி இருமினார். சிறுமி தாயின் கையைப் பற்றி இழுத்து, "அம்மா, இது அப்பா படம் மாதிரியே இருக்கு. தாத்தா படம் மாதிரியும் இருக்கு. சித்தப்பா மாதிரி மட்டும் இல்ல" என்றாள்.

நடுவர் தாளைத் தம்பியாரின் கன்னத்தருகே பிடித்தார். பிறகு சுவரிலிருந்த மூன்று படங்களின் அருகிலும் ஒவ்வொன்றாகப் பிடித்தார். "இந்தத் தாள்ல இருக்கறவர நான் சுவர்ல மூணு தடவ பாக்கறேன். நாற்காலில பாக்கலையே" என்றார். தம்பியார் வாய் திறந்தார், மூன்று மடிப்பும் சேர்ந்து அசைந்தன. நடுவர் தாளை மடித்துத் தம் வழக்குக் கட்டுக்குள் செருகிக்கொண்டு, அடுக்களையாளையும் வாயிற்காவலனையும் மீண்டும் உள்ளே அழைத்தார். விளக்கேற்றுமுன் தீர்ப்பு முடிந்தது. அவள் பெருமகனின் மகளே. மாளிகையும் குடிப்பெயரும் அவளுக்கே உரியவை.

இதனால் என் தம்பியின் தொழில் கெட்டிருக்கும் என்று எண்ணுவீராயின், நீர் பெருங்குடியினரை அறியாதவர். வழக்கில் தோற்ற தம்பியார் அடுத்த திங்களே தம்மை ஆளுயரத்தில் எழுதுவித்துக்கொண்டார். அதைக் கண்டு மற்றவரும் வந்தனர்.

இப்போது ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அச்சத்தால் நாவில் பொய் சொன்ன ஓவியன், நெஞ்சு பொறாமல், தன் பெயர் அழிந்தாலும் அழிக என்று துணிந்து, அந்தத் தாளில் பொருந்தாத மோவாயை வேண்டுமென்றே எழுதிச் சிறுமியைக் காத்தான் என்பது அது. கேட்க இனியது, எங்கள் குடிக்கு ஏற்றது, அதை மறுக்க வேண்டா என்று உறவினர் சிலர் என்னிடம் வந்து சொன்னதும் உண்டு. தீர்ப்பு நாளன்று வீடு திரும்புகையிலேயே, வேண்டுமென்றுதான் அப்படி எழுதினாயா என்று நான் அவனையே கேட்டிருந்தேன்.

"நல்லாத்தானே வந்திருந்துச்சு அண்ணே" என்றான். "நடுவருக்கும் புடிச்சுப்போச்சு போல. தாளத் திருப்பியே குடுக்கல."

அந்தப் பேச்சு பொய்.