முட்டை படாத பாத்திரம்

சந்தையில் பூசணிக்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல, சண்முகவள்ளி கேக் மாவு அடிக்கும் அந்த மிக்சரின் தலையில் விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினாள்.

"உள்ள இரும்பா, இல்ல தகரமாய்யா?"

ராமநாதபுரத்தில் அந்தக் கடையில் இருந்தவரிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் ஆயிரம் வாட், ஆறு வேகம், ஐந்து லிட்டர் என்று சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டில் கேக் செய்து விற்கும் ஜெயசுதா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மூன்று மாதமாக போனில் பார்த்துப் பார்த்து அந்த எண்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவள் ஆசைப்பட்டது ஓரத்தில் இருந்த சிவப்பு மிக்சரை. உருண்ட தலை, கனமான அடிப்பாகம், எவ்வளவு வேகத்தில் ஓடினாலும் மேடையைவிட்டு ஒரு அங்குலம் நகராது என்று படித்திருந்தாள்.

"இதுக்கு இன்னொரு பாத்திரம் தனியாக் கெடைக்குமா?" என்று சண்முகவள்ளி கேட்டாள்.

"இந்த மாடலுக்கு வராதும்மா. அந்தா, அந்த வெள்ளை மாடலுக்கு வரும்."

"அப்ப அந்த வெள்ளையை எடுங்க."

"மதினி," என்று ஜெயசுதா மெல்ல இழுத்தாள்.

"என்னத்தா மதினி? காலையில முட்டையைப் போட்டு அடிச்ச சட்டியில சாயந்தரம் எனக்குச் செஞ்சு குடுப்பியா? வெரதம் முடியிற வரைக்கும் வெளிய பச்சத் தண்ணி குடிக்கிறதில்ல நான். உன் வீட்டுல மட்டுந்தான் வாய் வைக்கிறேன். ரெண்டு பாத்திரம் இருந்தாத்தான் அதுவும்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். ஜெயசுதாவும் சிரித்தாள். சிவப்பு மிக்சரைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வெள்ளையை வாங்கிக்கொண்டு அபிராமம் பஸ்ஸில் ஏறினார்கள். மிக்சர் பெட்டி வழி முழுக்கச் சண்முகவள்ளியின் மடியில்தான் இருந்தது. தூங்கும் குழந்தையைப் பிடித்திருப்பதுபோல அவள் அதை அணைத்துப் பிடித்திருந்தாள்.

அந்த விரதம் ஜெயசுதாவின் புருஷனுக்காக. மாசி பிறந்த வாரத்தில் பூமிநாதன் மிளகாய்க் காட்டு வரப்பில் சீமைக்கருவேலத்தை வெட்டிக்கொண்டிருந்தான். வளைத்துப் பிடித்திருந்த கிளை கை நழுவி விசிறியடித்தது. முள் இடது கண்ணின் கருவிழியில் இறங்கியது. அன்று சாயந்தரம் மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில், தம்பியின் கண்கட்டைப் பார்த்தபடியே சண்முகவள்ளி முந்தானை நுனியில் ஒரு ரூபாயை முடிந்தாள். நாற்பத்தெட்டு நாள் விரதம், பங்குனியில் மாரியம்மனுக்குப் பால்குடம், வெள்ளியில் கண்மலர். கருவாடு இல்லாமல் சோறு இறங்காத மனுஷி. அன்றிலிருந்து கருவாட்டு வாசனை வரும் தெருவில்கூட நடக்கமாட்டாள்.

ஜெயசுதாவுக்கு அம்மன்மேல் பக்தி உண்டு, ஆனால் கணக்குப் போட்டு வைக்கும் பக்தி இல்லை. அவளுக்கு மதினிமேல்தான் பக்தி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது, டிகிரி படித்த பொண்ணு மிளகாய்க் காட்டில் என்ன செய்யும் என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். "ஏன், கேக்கு செய்யும்" என்று சொல்லி வாயை அடைத்தது சண்முகவள்ளிதான். அவள் கழித்துப் போட்ட பழைய ஓவனில்தான் ஜெயசுதாவின் முதல் கேக் வெந்தது. அடி தீய்ந்துபோன அந்தக் கேக்கைச் சுரண்டிச் சுரண்டித் தின்றவளும் அவளே.

புருஷனுக்குக் கண் கட்டுவதற்கு முன்னால் மாவு அடிக்கும் வேலையில் பாதி அவனுடையது. கைமிக்சரைப் பிடித்துக்கொண்டு ஜெயசுதா நிற்பாள், சட்டி நகராமல் இரண்டு கையாலும் அவன் பிடித்துக்கொள்வான், ஊர்க்கதை பேசிக்கொண்டே. குனியக்கூடாது, கண்ணுக்கு அழுத்தம் கொடுக்கும் எதையும் செய்யக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மிக்சர் வாங்கவேண்டிய கட்டாயம் வந்தது.

வெள்ளை மிக்சர் மோசமில்லை. வேகத்தைக் கூட்டினால் கொஞ்சம் ஆடும், அடியில் ஈரத்துணியை மடித்துப் போட்டால் அடங்கிவிடும். ஒரு பாத்திரத்தின் பிடியில் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்தாள். பொட்டு வைத்தது முட்டைக்கு, வைக்காதது முட்டை படாததற்கு. முட்டைக்குக் கம்பி விசிறி, மற்றதற்குத் தட்டைத் துடுப்பு. கழுவும் நார்கூட இரண்டாக வைத்திருந்தாள்.

"நீ என்னடி, ஆபரேஷன் தியேட்டர் மாதிரி வச்சிருக்க," என்றான் பூமிநாதன், ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "எங்கக்கா நம்ம வீட்டுக்கு ஒரு சாமியவே கூட்டியாந்து வச்சிட்டா."

"உங்களுக்காகத்தான்யா பட்டினி கெடக்காக."

"அதான் பயமா இருக்கு. கண்ணு வரலைன்னா அவளுக்கு யாரு பதில் சொல்றது?"

விளையாட்டாகத்தான் சொன்னான்.

பங்குனியில் ஊருக்குக் காப்புக் கட்டிய மூன்றாம் நாள் பானுப்பிரியாவின் பிறந்தநாள் வந்தது. சண்முகவள்ளியின் ஒரே மகள், மதுரையில் நர்சிங் படிக்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள். கேக் வேண்டாம், அம்மா விரதத்தில் இருக்கும்போது தான் மட்டும் தின்பது நன்றாக இருக்காது என்றாள். ஜெயசுதாதான் விடவில்லை. தயிரும் வெண்ணெயும் கெட்டிப்பாலும் சேர்த்து, முட்டை படாத பாத்திரத்தில், முட்டை படாத துடுப்பில், மதினியும் வாய் வைக்கிற மாதிரி செய்வேன் என்றாள். அன்று காலையில்தான் கமுதியில் ஒரு காதணி விழாவுக்கு மூன்று கிலோ முட்டைக் கேக் செய்து அனுப்பியிருந்தாள். பொட்டு வைத்த பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு, கையை மஞ்சள் போட்டுக் கழுவிக்கொண்டு, மற்றதை எடுத்து மாட்டினாள்.

சாயந்தரம் கேக் வெட்டினார்கள். "அம்மா மொதல்ல" என்று பானுப்பிரியா நீட்டினாள். சண்முகவள்ளி மணிக்கட்டில் மஞ்சள் காப்போடு வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். க்ரீம் மூக்கில் ஒட்டியது. "ஏலே பூமி, சிரிக்காத, உனக்கு ஒரு கண்ணு போதும் என்னையக் கேலி பண்ண" என்று தம்பியை அடிக்கக் கை ஓங்கினாள். வெகுநாளைக்கப்புறம் அந்த வீட்டில் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அவர்கள் போன பிறகு ஜெயசுதா மேடையைத் துடைக்கலானாள். மிக்சரின் தலையை முழுக்க மேலே தூக்கினாள். வாங்கி முப்பது நாளாகியும், அதன் தலைக்கு அடிப்பக்கத்தை அவள் குனிந்து பார்த்ததே இல்லை. பாத்திரத்தைக் கழுவுவாள், விசிறியைக் கழுவுவாள், மேலே பளபளக்கத் துடைப்பாள். விசிறியை மாட்டும் தண்டைச் சுற்றி, நிமிர்ந்து நின்று பார்த்தால் கண்ணில் படாத பள்ளத்தில், முட்டை நுரை தெறித்துத் தெறித்துக் காய்ந்து மஞ்சளாக ஒரு வளையம் கட்டியிருந்தது. வளையத்தில் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி இருந்த இடம் பெயர்ந்து, புதுசாக வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்தில் நகத்தை வைத்துப் பார்த்தாள். பொருக்கு உதிர்ந்து, கீழே இருந்த பாத்திரத்துக்குள் விழுந்தது. முட்டை படாத பாத்திரத்துக்குள்.

இரண்டு பாத்திரம், விசிறி தனி, துடுப்பு தனி, இரண்டு நார். தலை ஒன்றுதான் என்பது அவளுக்கு ஏன் தோன்றவில்லை? கடையில் அவ்வளவு விசாரித்த மதினிக்கும் தோன்றவில்லையே.

விடிந்ததும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள். பூசாரியிடம் கேட்டால் பரிகாரம் ஏதாவது இருக்கும். மஞ்சள் நீர், எலுமிச்சம்பழம், ஒருநாள் கூடுதல் பட்டினி. ஆனால் விடிந்ததும் சண்முகவள்ளியே வந்துவிட்டாள், பால்குடத்துக்கு எடுத்த மஞ்சள் சேலையைக் காட்ட.

"மதினி, நேத்துக் கேக்கு..." என்று ஆரம்பித்தாள் ஜெயசுதா.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ராத்திரி பானு சொல்றா, 'எம்மா, மாமாவுக்கு அடிபட்டதுலருந்து நேத்துத்தாம்மா நீ சிரிச்ச'ன்னு. எனக்கே தெரியலத்தா." சேலையை விரித்து ஜெயசுதாவின் தோளில் போட்டுப் பார்த்தாள். "நல்லாருக்குல்ல?"

"நல்லாருக்கு மதினி."

அந்த ஒரு வார்த்தையோடு முடிந்துபோயிற்று. பிறகு எத்தனையோ தடவை அந்தக் காலையை மனசுக்குள் திருப்பிப் பார்த்திருக்கிறாள். சேலை நன்றாக இருக்கிறது, ஆனால் மதினி, என்று இன்னும் நாலு வார்த்தை சேர்த்திருந்தால் போதும். ஐந்து நாளில் சண்முகவள்ளி தலையில் பால்குடத்தோடு கொட்டுக்காரர்களுக்குப் பின்னால் போனாள். குடத்திலிருந்து பால் வழிந்து அவள் கன்னத்தில் இறங்கியது. கூட்டத்தில் ஒதுங்கி நின்ற ஜெயசுதா குலவை போட வாயெடுத்தாள். முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.

சித்திரையில் கருவிழி மாற்றினார்கள். டாக்டர் நல்ல மனுஷர். ஒளித்து மறைக்காமல், உட்காரவைத்துச் சொன்னார். முள் உள்ளே வரைக்கும் போயிருக்கிறது, பின்னால் நரம்பும் கெட்டிருக்கிறது. வெளிச்சம் தெரியும், ஆள் நடமாட்டம் தெரியும். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பூமிநாதன் தாங்கிக்கொண்டான். "மொளகாய்க்கு ஒரு கண்ணு போதும்டி. ரெண்டு கண்ணும் எரியிறதுக்கு ஒண்ணு மட்டும் எரியட்டும்" என்றான். வீட்டுக்கு வந்த அன்றைக்கு ஜெயசுதா அவனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"முள்ளு குத்துனது எப்ப? கேக்கு செஞ்சது எப்ப?"

"முள்ளுதான் மொதல்ல."

"அப்ப கேக்கா வந்து என் கண்ணைக் குத்துச்சு? படிச்சவதான நீ?"

"எனக்குத் தெரியுதுங்க. மதினிக்கு?"

அவன் சிரிப்பு நின்றுபோனது. "அக்காகிட்ட மட்டும் சொல்லிறாத. உன்மேல உசுரையே வச்சிருக்கு. ஒடைஞ்சு போகும்."

ஒரு வாரம் கழித்துச் சண்முகவள்ளி வந்தாள். தம்பியின் முகத்துக்கு நேரே இரண்டு விரலைக் காட்டி, எத்தனை என்று கேட்டாள். அவன் சரியாகச் சொன்னான். "நல்ல கண்ணைப் பொத்திக்கிட்டுச் சொல்லு" என்றாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் எழுந்து அடுப்படிக்கு வந்து ஜெயசுதாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தான் எங்கனயோ தப்பிட்டேன் சுதா," என்றாள். "மானாமதுரையில பஸ் ஏறுனப்ப ஒருத்தி கருவாட்டுக் கூடைய என் காலு மேல வச்சிட்டா. அன்னைக்கே தலைமுழுகிருக்கணும். முழுகலை. அப்பறம் ஒருநா பானு போனை எடுக்கலைன்னு சாபம் விட்டேன். காப்புக் கட்டுன கையோட. கெட்ட சொப்பனமும் ஒண்ணு வந்துச்சு, நான் மீன் திங்கிற மாதிரி. மனசுல ஆசை இருந்ததுனாலதான வந்துச்சு?"

விரல் விட்டு எண்ணினாள். பால்குடம் எடுக்கையில் இடறியது, கண்மலர் வாங்கிய கடையில் பேரம் பேசியது, எல்லாம் வந்தது. ஜெயசுதா காத்திருந்தாள். அந்தப் பட்டியலில் கேக் வரவே இல்லை. நாற்பத்தெட்டு நாளில் தன்னுடைய கனவைக்கூடச் சந்தேகப்பட்டவள், இந்த வீட்டில் வாங்கித் தின்றதை மட்டும் சந்தேகப்படவில்லை.

சொல்ல நினைத்து ஜெயசுதா நிமிர்ந்தாள். வாசலில் புருஷன் நின்று, வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

"வார பங்குனி வரைக்கும் கால்ல செருப்பு போடமாட்டேன்னு வேண்டிக்கிட்டேன்," என்று சண்முகவள்ளி எழுந்தாள். "அப்பறம் பூக்குழி எறங்குறேன். ஆத்தா பாத்துக்கிருவா."

வைகாசி வெயிலில் பானுப்பிரியா போன் செய்தாள். "அத்தை, அம்மாவுக்குச் சுகர் இருநூத்தி எண்பது. வெறுங்கால்ல காட்டுக்கும் கடைக்கும் போறாங்க. குதிகால்ல ஒரு கொப்புளம் இருக்கு, அவங்களுக்கு வலிக்கவே இல்லைங்கிறாங்க. வலிக்கலைங்கிறதுதான் அத்தை பயம். காலேஜ்ல நான் தெனமும் பாக்குறேன், இப்படித்தான் ஆரம்பிக்கும். நீங்க சொன்னாக் கேப்பாங்க, வேற யாரு சொன்னாலும் கேக்கமாட்டாங்க."

போனை வைத்துவிட்டு ஜெயசுதா புருஷனைப் பார்த்தாள். எல்லாம் அவன் காதிலும் விழுந்திருந்தது. இந்தத் தடவை அவன் தலையை ஆட்டவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மதினியைக் கண்டுபிடித்தாள். மத்தியானம் ஒரு மணி. ரோட்டில் தார் இளகிக் கிடந்தது. சண்முகவள்ளி கையில் காய்கறிப் பையோடு, ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின்மேல் மட்டும் கால் வைத்து, சின்னப் பிள்ளை பாண்டி ஆடுவதுபோல் போய்க்கொண்டிருந்தாள். தாரைவிட வெள்ளைக் கோடு கொஞ்சம் சூடு குறைவு. கோடு அழிந்திருந்த இடங்களில் இரண்டு எட்டுத் தாவினாள்.

"மதினி!"

திரும்பினாள். முகம் மலர்ந்தது. "ஏத்தா, இந்த வெயில்ல எங்க வந்த? குடை எடுத்தா என்னவாம்?" என்றபடி ஜெயசுதாவின் மணிக்கட்டைப் பிடித்து, மூடிக் கிடந்த கடை ஒன்றின் தகரக் கூரைக்குக் கீழே இழுத்தாள். அந்த நிழல் ஒரு ஆளுக்குத்தான் காணும். ஜெயசுதாவை அதற்குள் நிறுத்திவிட்டு, தான் வெயிலில் நின்றுகொண்டாள்.

"நீங்க உள்ள வாங்க மதினி."

"நான் நிக்கிறேன். உனக்குத்தான் தலைவலி வரும். என்ன, சொல்லு."

ஜெயசுதா செருப்புக் காலோடு நிழலில் நின்றாள். "தப்புனது நீங்க இல்ல மதினி. பானு பொறந்தநாளுக்கு ஒரு கேக்கு செஞ்சேன்ல," என்று தொடங்கினாள். "அந்த மிக்சர் தலைக்கு அடியில..."

சண்முகவள்ளி கேட்டுக்கொண்டிருந்தாள். தரை பொறுக்காமல் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின்மேல் வைத்துக்கொண்டாள். தூக்கிய குதிகாலில் ஒரு பொட்டுத் தார் கருப்பாக ஒட்டியிருந்தது. சாய்ந்துவிடாமல் இருக்க ஜெயசுதாவின் மணிக்கட்டையே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில், அடுத்த வார்த்தைக்காக நின்றாள்.