நாலணாவும் சோம்புப் பொட்டலமும்

...விலையைக் கேட்பதாவது, துணி வாங்கும்போது கேட்கலாம், அது தொழில், மாடு வாங்கும்போதும் கேட்கலாம், ஆனால் ஒரு சிகரெட்டுக்குப் போய் நின்று விலை கேட்கிற மனுஷன் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறான் என்றுதானே அர்த்தம், யோசிக்கிறவன் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் பஜாரில் அவனுக்கு என்ன மரியாதை... அப்துல் சுக்கூர் சாயபு தன் ஜவுளிக்கடையிலிருந்து இறங்கி செஞ்சி பஸ் ஸ்டாண்டு ஓரத்து இளையபெருமாள் கடையை நோக்கி நடந்தார், முதுகு நேராக, வேட்டி நுனி தரையைத் தொடாமல். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் அந்தக் கடைக்குப் போவது, இரண்டாம் தடவை போனால் அது அலைச்சல், பார்க்கிறவன் ஒரு மாதிரி நினைப்பான். அத்தா வைத்திருந்த வெள்ளி சிகரெட் டப்பியை நீட்ட வேண்டியது, கண்ணாடி ஜாடி மூடிமேல் நாலணாவை வைக்க வேண்டியது, முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டியது, கடைக்காரன் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவனைச் சந்தேகப்படுகிற மாதிரி. டப்பி நிறைந்து கைக்கு வரும், சட்டைப் பைக்குள் போகும், அவ்வளவுதான். அத்தா மௌத்தான வருஷத்திலிருந்து இதே டப்பி, இதே நாலணா, இதே பத்து சிகரெட். நவாபு காலத்தில் கோட்டை வாசல் சாவி வைத்திருந்த குடும்பம், அதில் வந்தவன் கை டெல்லியில் யாரோ எதையோ எழுதினான் என்பதற்காகச் சுருங்கிவிடுமா?

நேற்று சாயங்காலம் டீக்கடை ரேடியோவில் பட்ஜெட் வாசித்தார்கள், சிகரெட்டுக்கு மறுபடி வரி என்றதும் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் தங்கள் விரலிடுக்கைப் பார்த்துக்கொண்டார்களே, அது என்ன ஆச்சரியம்... யாரும் சொல்லிவைத்துப் பார்க்கவில்லை. அவருக்கு அப்போதே உடம்பு ஒரு மாதிரி சிலிர்த்தது. எங்கேயோ ஒரு மண்டபம், அங்கே ஒரு மனுஷன் எழுந்து நின்று ஒரு வரி படிக்கிறான், அந்த வரி காற்றில் வந்து திண்டிவனம் தாண்டி செஞ்சிக்குள் புகுந்து மூட்டை தூக்குகிற பாவாடையின் விரலைத் தொடுகிறது. அவன் முன்பெல்லாம் சந்தை நாளில் மட்டுமாவது காதில் ஒரு சிகரெட் செருகிக்கொண்டு வருவான், சீனாக்காரன் சண்டை வந்ததற்கு அடுத்த பட்ஜெட்டோடு அது போய் பீடி வந்தது. ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார் பிளேடால் ஒன்றை இரண்டாக அறுத்துக் காலையில் பாதி, மாலையில் பாதி. மல்லாட்டை மண்டித் தரகர் பாண்டுரங்கன் அடியோடு விட்டுவிட்டு, வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று நாள் முழுக்க அந்த வேர்க்கடலையை உரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். பெண்டாட்டி அழுது நிற்காதது, டாக்டர் சொல்லி நிற்காதது, ரம்ஜான் மாதம் முப்பது நாள் பகலில் விட்டுப் பார்த்தும் நிற்காதது, ஒரு பைசா, இரண்டு பைசாவில் நிற்கிறது... யா அல்லா, மனுஷனை எந்தக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறாய்? அந்த வியப்பில்தான் நேற்று அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். "அவங்க எழுதறத எழுதிக்கட்டும். எங்க அத்தா காலத்துலயும் பத்து, எங்கிட்டயும் பத்து." பாண்டுரங்கன் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஏழெட்டு வருஷம் டெல்லிப் படை இந்த மலையச் சுத்திக் கூடாரம் போட்டுக் கெடந்துச்சாம். கோட்டையே கடைசியில வுழுந்துடுச்சி. சாயபு வூட்டுக் கதவு மட்டும் தெறக்கல." எல்லோரும் சிரித்தார்கள், அதில் மரியாதை இருந்தது. ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்த இளையபெருமாள் மட்டும் சிரிக்காமல் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான், ஏன்?

கடையில் கூட்டம். பேப்பரை விரித்து ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள், பற்றவைக்கக் கட்டித் தொங்கவிட்ட கயிற்று நுனி கனன்றுகொண்டிருந்தது, அதில் பற்றவைக்கத்தான் ஆள் இல்லை. "வாங்க சாயபு" என்று இளையபெருமாள் எழுந்து நின்று டப்பியை வாங்கிக்கொண்டான், சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வருகிறவன், எத்தனை வருஷமானாலும் அவர் வந்தால் எழுந்து நிற்பான். அவர் நாலணாவை ஜாடி மூடிமேல் வைத்துவிட்டு ராஜகிரிக் கோட்டையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வெயில் பாறைமேல் ஏற ஆரம்பித்திருந்தது, மாசியிலேயே இந்தக் காய்ச்சல். அத்தனை பெரிய மலை, அத்தனை மதில், அதை மடக்க அன்றைக்கு யானை, குதிரை, பீரங்கி எல்லாம் வேண்டியிருந்தது டெல்லிக்கு, இன்றைக்குப் பார், ஒரு பேனா, ஒரு சிப்பாய்கூட வரவில்லை... அப்போது பஸ்ஸிலிருந்து இறங்கிய எவனோ, ஊருக்குப் புதியவன், கையில் பையோடு வந்து அவருக்குப் பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றான். "மஞ்சப் பொட்டி சிகரெட்டு, நாலணாவுக்கு எத்தினிப்பா?" இளையபெருமாள் கனைத்துக்கொண்டான். வந்தவன் மறுபடி கேட்டான். "நேத்து வரைக்கும் ஆறு" என்றான் இளையபெருமாள், குரல் ஜாடிக்குள்ளிருந்து வருவது போல, "இன்னிலேர்ந்து அஞ்சு." "அடப்பாவிங்களா" என்று அந்த ஆள் ஒரு பீடிக்கட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அஞ்சு. நாலணாவுக்கு அஞ்சு. நம் டப்பிக்கு வருகிற அதே மஞ்சள் பெட்டி. சரி, அது அவனுக்கு, பஸ்ஸில் வந்தவனுக்கு... ஜாடி மூடிமேல் இருக்கிறதே, அதுவும் நாலணாதானே? இல்லை, இளையபெருமாள் எனக்கு அப்படிச் செய்வானா, பத்து இல்லாமல் எப்படி, டப்பி தினமும் கனமாக, ஆட்டினால் சத்தம் வராமல், நிறைந்துதானே வருகிறது... நிறைந்து. எதனால் நிறைந்து? சோம்பு. ஒரு பக்கம் சிகரெட், மறுபக்கம் காகிதத்தில் மடித்த சோம்புப் பொட்டலம், வாய்க்கு மணமாக இருக்கட்டும் என்று ஒரு வருஷம் அவனாகவே வைத்தான், அப்போது சுண்டுவிரல் பருமன், அடுத்த பட்ஜெட்டுக்குப் பிறகு கட்டைவிரல் பருமன், இப்போது பாதி டப்பி அதுதான், வருஷத்துக்கு வருஷம் இவனுக்கு நம்மேல் மரியாதை கூடுகிறது என்று பெண்டாட்டி ரோஷன் பீயிடம் சொல்லிப் பெருமைப்பட்டோமே. அல்லா. ஒரு தடவையாவது எண்ணியிருக்கிறேனா? விடியற்காலை பஜர் தொழுதுவிட்டு வந்ததும் ஒன்று பிடிப்பேன், அது எப்போது நின்றது? வயதுக்கு அது அழகில்லை என்று நானாக விட்டதாக அல்லவா நினைத்திருந்தேன்... மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு, அது ஒன்றானது எந்த வருஷம்? ராத்திரி இஷா தொழுகைக்கு முன்னாலேயே டப்பி காலியாகிவிடும், இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகப் புகைத்துவிட்டேன் போலிருக்கிறது, நாளைக்கு அடக்கமாக இருக்க வேண்டும் என்று என்னை நானே கண்டித்துக்கொள்வேன். கண்டித்துக் கண்டித்து அடுத்த நாள் ஒன்று குறைப்பேன். நான் குறைத்தேனா? இருமல். ராத்திரி முழுக்க வீட்டையே எழுப்பிய அந்த இருமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது, ஆரணி ஹக்கீம் கொடுத்த லேகியம் என்று நானும், தர்காவில் வேண்டிக்கொண்டது என்று ரோஷன் பீயும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். போன மாதம் சம்பந்தி வந்தபோது ராஜகிரியில் பாதி மலை ஏறினேன், சம்பந்தி நாலு இடத்தில் உட்கார்ந்தார், நான் உட்காரவில்லை, இது எங்கள் வம்சத்து நெஞ்சு என்று அவரிடம் தட்டிக் காட்டினேன்... வம்சத்து நெஞ்சாம். உள்ளே யார் வந்து போனது, எந்த வழியாக வந்தான், சாவி என்னிடம் அல்லவா இருந்தது?

"சாயபு" என்று பாண்டுரங்கன் மண்டிப் பக்கமிருந்து வந்துவிட்டார், மடியில் மல்லாட்டை, வாயில் சிரிப்பு. "இந்தப் பேப்பர் படிக்கிறவரு நம்ப மாட்டேங்கறாரு. வரி ஏறியும் ஒரு சிகரெட்டு கொறையாத ஆளு தமிழ்நாட்டுலயே கெடையாதுங்கறாரு. அந்த டப்பியக் கொஞ்சம் தெறந்து காட்டுங்க, பத்தையும் எண்ணிப் பாத்துட்டுப் போவட்டும்." டப்பி அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. இளையபெருமாளின் விரல்கள் அதை விடவில்லை, ஒரு நொடி இருவர் கையிலும் இருந்தது, அவன் முகத்தைப் பார்த்தார், திருடின முகமில்லை, பெரிய மனுஷர் வேட்டியில் ஒட்டியிருந்த சேற்றை அவருக்குத் தெரியாமல் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டவன் முகம். என்னிடம் விலை சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை, கேட்காத ஆளிடம் எப்படிச் சொல்வான், சொன்னால் சாயபு இன்னொரு நாலணா எடுக்கிறாரா இல்லையா என்று நாலு பேர் பார்ப்பார்களே என்று இவன் அல்லவா பயந்திருக்கிறான்... பையில் ஒரு முழு ரூபாய் இருக்கிறது. எடுத்து வைத்தால் பத்து கிடைக்கும், இப்போதே, இவர்கள் கண்ணெதிரே. எடுத்து வைத்தால் நேற்று வரை பத்து இல்லை என்று ஆகிவிடும். திறந்து காட்டினால் அத்தா டப்பிக்குள் அஞ்சும் ஒரு பொட்டலமும். "தரகரே" என்றார் அப்துல் சுக்கூர் சாயபு, குரல் எங்கிருந்து இவ்வளவு நிதானமாக வந்தது என்று அவருக்கே தெரியவில்லை, "எங்க வூட்ல எம் பொஞ்சாதிகூட இதத் தெறந்து பாத்ததில்ல. பஜார்ல தெறக்கணுமா?" "அதானே" என்றார் பாண்டுரங்கன், தோற்றுப்போன சந்தோஷத்தோடு, பேப்பர்காரரைப் பார்த்து, "பாத்தீங்களா? கதவு." ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு நடந்தார்.

கூட்டம் கலைந்தது. மேல்சித்தாமூர் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அவர் போகவில்லை, ஒரு நாளும் அப்படி நின்றதில்லை, இளையபெருமாள் நாலணாவைக்கூட எடுக்காமல் நின்றுகொண்டிருந்தான். ஏதாவது சொல்ல வேண்டும், எதைச் சொல்வது, கோபித்துக்கொள்ளலாமா, கோபம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தார், அங்கே மலையைப் பார்த்தபோது வந்த அதே மலைப்புத்தான் இருந்தது. "இளையபெருமாளு." "சாயபு." "சோம்பு... என்ன வெல?" சொல்லி முடித்த பிறகுதான் அது என்ன கேள்வி என்று இருவருக்கும் உறைத்தது, அவன் வாய் திறந்தபடி இருந்தது, இத்தனை வருஷத்தில் அந்தக் கடையில் அவர் கேட்ட முதல் விலை. "அது... அதுக்கு ஏறல சாயபு. அதப்பத்தி அவங்க ஒண்ணும் எழுதல." அவர் தலையசைத்தார், முதுகை நேராக்கிக்கொண்டு திரும்பினார்.

பஜார் தெரு முழுக்க அவரை வணங்குகிறவர்கள் வணங்கினார்கள். பைக்குள் டப்பி, அதே கனம். இன்று அஞ்சு என்றால் இஷாவுக்கு முன் ஒன்று குறையும், குறைந்தால் குறையட்டும், நேற்று ஆறுக்கும் ஒன்றும் ஆகவில்லையே. அடுத்த வருஷம் மறுபடி எழுதினால் நாலு. அதற்கடுத்து மூன்று. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றார், எண்ணுகிறேனா, நானா... அதுகூடப் பரவாயில்லை, இந்த அவசரம் எதற்கு, அடுத்த மாசி பட்ஜெட்டுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று அல்லவா மனசு கணக்குப் போடுகிறது. யார் வரட்டும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்?