பத்து வினாடி மௌனம்

இந்த நிலையத்தின் ஐம்பதாண்டு வரலாற்றில் ஒலித்த ஒரு குரல்கூட அழிந்ததில்லை என்று வானொலி நிலையப் பொன்விழா மலரின் முதல் பக்கம் சொல்கிறது. அந்த மலரைத்தான் மேலாளர் இப்போது அவள் கையில் திணித்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் பின்னால் ஒலிநாடா அலமாரி திறந்து கிடந்தது. உள்ளே உடைந்த மின்விசிறி ஒன்று, இரண்டு குடைகள், போன வருட நாட்காட்டி.

"மலர் வேண்டாம் சார். அப்பா குரல் ஒண்ணு போதும். விடியக்காலையில போயிட்டார். பதினோரு மணிக்கு வண்டி வந்துரும். அதுக்குள்ள ஒரு தடவை கேக்கணும்னு அம்மா சொல்றாங்க."

"எல்லாம் பத்திரமாத்தாம்மா இருந்துச்சு. நாடா பத்தலைன்னு மேல மேல பதிஞ்சுட்டாங்க. உங்கப்பாவும் பதிஞ்சவர்தானே?"

அது உண்மை. முப்பத்திரண்டு வருடம் அறிவிப்பாளராக இருந்தவர், நேற்றைய தன் குரலை அழித்து அதன்மேல் இன்றைய சந்தை நிலவரத்தைப் பதிந்தார். மலரில் அவர் நாற்பதாம் பக்கத்துக் கூட்டப் படத்தில் முக்கால் முகமாக இருக்கிறார். மீதியை மேலாளரின் தோள் மறைத்திருந்தது.

"வீட்டுல ஒரு கேசட்டு கூடவா இல்ல?"

"வீட்டுல அவர் பேசினாத்தானே சார் பதியறதுக்கு?"

பேசமாட்டார். தொண்டையை நிலையத்துக்கென்று சேமித்து வைத்திருந்தார். அங்கே அவர் போட்ட சட்டம் நேரெதிர்: பத்து வினாடி சத்தம் நின்றால் கேட்பவன் கை குமிழுக்குப் போய்விடும், பேச்சு ஓயக்கூடாது. அவர் ஓய்வுபெற்ற வருடம் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கும் இதையே சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வெளியேறினார். பத்து வினாடி அமைதியானால் அதுவாகவே ஒரு விளம்பரத்தை எடுத்துப் போட்டுவிடும். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் வீட்டுக்குத் தெரியும்.

"கவலைப்படாதீங்கம்மா," என்றார் மேலாளர். "பத்தரைக்கு நானே ஒலிபரப்புல அஞ்சலி செலுத்துறேன். ரேடியோவ வைக்கச் சொல்லுங்க."

வீட்டில் அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ரேடியோ.

"கிடைச்சுதாடி?"

"இல்லம்மா. பத்தரைக்குப் பேசுறாராம்."

"யாரு, உங்கப்பாவா?"

"மேலாளர்."

"அந்தாளு குரல் எனக்கெதுக்கு?" அம்மா அப்பாவின் வாயையே பார்த்தாள். "ஊருக்கெல்லாம் காலை வணக்கம் சொன்ன மனுஷன். எங்கிட்ட ஒரு நாள் சொன்னதில்ல. ரேடியோவ வச்சுத்தான் நானும் வாங்கிக்குவேன்."

"அதையும் அண்ணன் சம்பளத்துக்குத்தானே சொன்னார், அண்ணி," என்றார் சித்தப்பா.

பத்தரைக்கு மேலாளர் பேசினார். ஏழு நிமிடத்தில் 'நான்' பத்தொன்பது முறை வந்தது. அப்பா இரண்டு முறை வந்தார், அதிலும் ஒரு தடவை வேறு யாருடைய பெயரிலோ. கடைசியில் மேலாளர் குரல் தழுதழுத்தது.

"அந்த அழியாத குரலுக்காக, நேயர்களே, ஒரு நிமிடம் மௌனம் காப்போம்."

கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். சித்தப்பா செல்பேசியை அணைத்தார். அம்மா மட்டும் எழவில்லை. மகளுக்குச் சுரீரென்று உறைத்தது. தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்தாள். ஏழு. எட்டு. ஒன்பது.

டிங்டாங் என்றது ரேடியோ. அடுத்து, அந்த வீடு ஒருநாளும் நேரில் கேட்டிராத குழைவோடு, அப்பா பேசினார்.

"வணக்கம் நேயர்களே! இரவு பகலாக அரிப்பா? வெளியே சொல்ல வெட்கமா?"

நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் இருமினார். ரேடியோவை அணைக்கச் சித்தப்பா கையை நீட்டினார்.

"கைய எடுங்க," என்றாள் அம்மா. குமிழைக் கடைசிவரை திருகிச் சத்தத்தைக் கூட்டினாள்.

விளம்பரம் முப்பது வினாடி ஓடியது. தொடை இடுக்குப் படர்தாமரைக்கான களிம்பு. காலையும் மாலையும் தடவச் சொன்னார்.