துடைப்ப வண்டி

கேளுங்கள் கண்ணுகளா, இது ஒரு தையல்காரியும் அவள் வீட்டுக்காரரும் பட்ட பாடு. அவர் பஸ் டிரைவர். இவள் வாழ்க்கையில் ஓடியதெல்லாம் பஸ் பிடிக்கத்தான்.

அவள் தங்கைக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியின் பிள்ளை வார்டில் மூச்சுக்கருவி ஒன்றே ஒன்று, அதுவும் அடிக்கடி மக்கர் பண்ணும். புதிது வாங்க நெடுந்தூர ஓட்டம் வைத்தார்கள். கடைசிவரை ஓடி முடிக்கிறவர் பெயரில்தான் நன்கொடை சேரும். பெரியம்மாக்காரி சும்மா இருப்பாளா? பெயர் கொடுத்துவிட்டாள்.

ஓட்டத்தின் வாலில் ஒரு பஸ் ஊர்ந்து வரும். அது தாண்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது, ஏறிக்கொள்ள வேண்டியதுதான். ஓடுகிறவர்கள் அதற்குத் துடைப்ப வண்டி என்று பேர் வைத்திருந்தார்கள். அதை ஓட்டும் வேலை இவள் புருஷனுக்கே வந்து வாய்த்தது.

"வீட்ல நான் பெருக்குறேன், ரோட்ல நீங்க பெருக்குங்க" என்று சிரித்தாள். பிறகு பல்லிடுக்கில் இருந்த ஊசியை எடுத்துவிட்டு, "ஆனா என்ன ஆனாலும் எனக்குக் கதவைத் திறக்கக் கூடாது. பிள்ளை மேல ஆணை" என்றாள்.

அவருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

வெயில் ஏறியதும் ஒவ்வொருவராக பஸ்ஸில் ஏறினார்கள். முன்னால் அவள் ஒருத்திதான் மிச்சம். கால் இழுத்தது. ஒரு கை நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. குறுகிய பாலத்தைக் கடந்து வளைவில் மறைந்தாள்.

அவர் பாலத்தில் வண்டியை ஆமையாக்கினார். பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது.

முதல் சீட்டில் காலைப் பிடித்தபடி இருந்த முடிதிருத்துகிறவர், "அண்ணே, கார்க்காரன் கத்துறான். வழி விடுங்க" என்றார்.

"நேரமாச்சுன்னு விரட்டுற கமிட்டிக்காரங்க காராத்தான் இருக்கும். கத்தட்டும். அவ கொஞ்ச தூரம் போயிடட்டும்."

"பொண்டாட்டின்னா இப்படியா? என்னை மட்டும் சட்டுனு அள்ளிட்டீங்களே!"

பஸ் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார், கண்ணுகளா. சிரித்துக்கொண்டே இன்னும் மெதுவாக்கினார்.

பாலம் முடிந்ததும் கார் சீறிக்கொண்டு முந்தியது. அதன் கதவில் சிவப்பு எழுத்தில் 'மருத்துவர்' என்றிருந்தது.

வளைவு தாண்டியதும் அவர் பார்த்தார். அவள் சாலையோரம் சாய்ந்து கிடந்தாள். தண்ணீர் கொடுக்க நின்ற பெண் அவள் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

டாக்டர் அவள் நெஞ்சில் கையை வைத்தபடியே கத்தினார். "இந்தப் பொண்ணு போன் பண்ணி எவ்வளவு நேரமாச்சு! எவன்யா பாலத்தை மறிச்சது? கதவைத் திற, இவங்களைப் படுக்க வைக்கணும்!"

அவள் கண் பஸ்ஸின் முகத்தைக் கண்டுகொண்டது. கிடந்தபடியே கால்கள் ஓடுவதுபோல் மண்ணைத் தேய்த்தன.

"வேணாங்க" என்றாள், காற்றாய். "திறக்காதீங்க."

எத்தனையோ ஆயிரம் பேருக்குத் திறந்துவிட்ட கை. கதவுப் பிடியின் மேல் வைத்தபடியே இருந்தது, இழுக்கவில்லை. முடிதிருத்துகிறவர்தான் எழுந்து வந்து, அந்தக் கையோடு சேர்த்துப் பிடித்து இழுத்தார். கதவு திறந்தபோது அவள் கால்கள் நின்றுபோயிருந்தன.