அம்மா இல்லாமல் தூங்கப் பழக்குவது

லிஃப்ட் மெக்கானிக்காக அந்தக் கம்பெனியில் இருந்த ஒரே பெண் அவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கருவிப் பையோடு போய் நிற்பவளைப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் எப்பம்மா வருவார்?" என்று கேட்காத ஆளில்லை. "வந்தாச்சு, கொஞ்சம் நகருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைவாள். கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஸ்பேனர். அவளும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள்.

ஆனால் இத்தனை வருடமும் செய்ததெல்லாம் பழுது பார்க்கும் வேலைதான். கீழ்க் குழியில் இறங்கி எண்ணெய்ப் பிசுக்கில் உட்காருவது, இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அலறுபவர்களைச் சமாதானப்படுத்தி வெளியே எடுப்பது, எவனோ பொத்தானில் ஒட்டிவிட்டுப் போன சூயிங்கத்தைச் சுரண்டுவது. கட்டடம் எழும்பும்போதே கூட நின்று, லிஃப்ட் ஏறி இறங்கப்போகும் அந்த வெறும் இருட்டுக் குழாய்க்குள் முதல் கம்பியைப் பொருத்தி, ஒரு லிஃப்டை முதன்முதலாக மேலே அனுப்பிப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

அந்த வாய்ப்புத்தான் வந்தது. வெளிநாட்டில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று கட்டுகிறார்கள். அந்த நாட்டைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஒன்றரை வருட வேலை, முதல் வருடம் லீவு கிடையாது என்று மேலாளர் இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே, "நான் போறேன் சார்" என்றாள். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. அவளே சொன்னதுதான். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் குழந்தையின் நினைப்பு வந்தது. குழந்தைக்கு இரண்டரை வயது. அம்மாவின் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கமே வரும்.

கணவன் பஸ் டிரைவர். ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மாலை ஷிஃப்ட். விஷயத்தைக் கேட்டதும், "சரி, நீ மேல போ. நான் கீழயே பஸ் ஓட்டிக்கிட்டு இருக்கேன்" என்று சிரித்தான். சிரிப்பு வாயோடு நின்றது. மறுநாளே தன் அக்காவுக்குப் போன் போட்டான்.

அவனுடைய அக்காவை அவள் அண்ணி என்றே கூப்பிடுவாள். அண்ணி தையல் மிஷினோடு வந்து இறங்கினாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள், தம்பியைத் தூக்கி வளர்த்தவள். பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். வந்த அன்றைக்கே மிஷினை ஜன்னலோரம் போட்டுவிட்டுத் திட்டத்தைச் சொன்னாள்.

"ஒரேயடியா பிடுங்கினா குழந்தை தாங்காது. ஒவ்வொண்ணா கழட்டணும். முதல்ல குளிக்க வைக்கிறது நான். அது பழகினதும் சாப்பாடு. கடைசியா தூக்கம். நீ ஊருக்குக் கிளம்பற அன்னிக்கு அவளுக்கு எதுவும் குறையக் கூடாது. புரியுதா?"

"புரியுது அண்ணி."

"புரிஞ்சா போதாது. அவ கூப்பிட்டா வரக் கூடாது."

குளியல் முதல் நாளே ரகளையாகிவிட்டது. "அம்மா குளி! அம்மா குளி!" என்று உள்ளிருந்து ஒரே கூச்சல். அவள் அடுப்படியில் நின்று, வெந்துவிட்ட காய்கறியை மறுபடி மறுபடி கிளறிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கு அவ்வளவு பாடுபடவில்லை. அண்ணி ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கதை சொன்னாள், எல்லாக் கதையிலும் ஒரு திருட்டுப் பூனை வந்தது. தூக்கம்தான் பெரும்பாடு. அம்மா வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்தால் குழந்தை கண்ணை மூட மாட்டாள். அதனால் பொழுது சாயும்போது அவளே வீட்டைவிட்டு வெளியே போக வேண்டியிருந்தது.

தெருமுனை பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துகொள்வாள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, போகப்போகும் நாட்டின் பாஷையை வாய்விட்டுப் படிப்பாள். மேலே. கீழே. நிறுத்து. கையை எடு. உள்ளே யாராவது இருக்கிறீர்களா? வேலைக்கு வேண்டிய சொற்கள்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இவள் யாரிடமோ அதட்டிப் பேசுகிறாள் என்று நினைத்துத் தள்ளி உட்காருவார்கள். கணவனிடமிருந்தோ அண்ணியிடமிருந்தோ 'தூங்கிட்டா' என்று செய்தி வந்த பிறகுதான் எழுந்து வீட்டுக்கு வருவாள்.

ஒருநாள் அண்ணியின் காதுகள் வெறுமையாக இருப்பதைப் பார்த்தாள். எப்போதும் கழற்றாத தோட்டைக் கழற்றி வைத்திருந்தாள்.

"தோடு எங்க அண்ணி?"

"தூங்கறப்ப குத்துதாம் அவளுக்கு" என்றாள் அண்ணி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

அடுத்த வாரத்தில் ஒரு மாலை, செய்தி வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தது. 'இன்னிக்கு அழவே இல்ல. உன்னைக் கேக்கவும் இல்ல. ஜெயிச்சாச்சு!' கணவன் சந்தோஷமாகத்தான் எழுதியிருந்தான். அவள் எழுந்திருக்கவில்லை. பஸ்கள் வந்து வந்து போயின. கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், "என்னம்மா, கெட்ட சேதியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, நல்ல சேதிதான்" என்றாள்.

அலுவலகத்தில் வழியனுப்பு வைத்தார்கள். அங்கே குளிர் கொல்லும் என்று யாரோ சொன்னார்களாம், எல்லோரும் சேர்ந்து ஒரு கம்பளித் தொப்பி வாங்கித் தந்தார்கள். தலைக்குப் போட்டுப் பார்த்தால் கண் மறைந்தது. "ஸ்பேனர், இதைப் போட்டுக்கிட்டு லிஃப்டுக்குள்ள போயிடாத. சரக்குன்னு நினைச்சு ஏத்திடுவாங்க" என்று கிண்டல் செய்தார்கள். சிரித்து முடித்து வீட்டுக்கு வந்தாள். மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். அந்த நாட்டு அனுமதி இன்னும் வரவில்லை, மூன்று நாலு வாரம் தள்ளிப்போகும், இங்கே அவளுடைய இடத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டதால் அதுவரை வீட்டிலேயே இருக்கலாம் என்றார்.

"நல்லதாப் போச்சு போ. குழந்தையோட ஆசை தீர இரு" என்றான் கணவன்.

அண்ணி தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "இருக்கட்டும். வீட்டுல இரு, சாப்பிடு, தூங்கு. ஆனா குழந்தை மேல கை வைக்காத. இப்பத்தான் ஆறியிருக்கு. மறுபடி கீறினா ரெண்டு பேருக்கும் ரத்தம் வரும்."

அப்படித்தான் சொந்த வீட்டிலேயே விருந்தாளியானாள். குழந்தை அவ்வப்போது அவளிடம் வந்து ஒரு பொம்மையைக் காட்டுவாள், "நாய்" என்பாள், போய்விடுவாள். வீட்டுக்கு வந்தவர்களிடம் காட்டுவது போல. ஒரு காலையில் குழந்தை நிலைப்படியில் தடுக்கி விழுந்தாள், நெற்றியில் அடிபட்டது. அவள் பக்கத்தில்தான் நின்றாள். இரண்டு கையையும் நீட்டியேவிட்டாள். குழந்தை எழுந்து, அழுதுகொண்டே அவளைத் தாண்டி ஜன்னலோரம் ஓடி, அண்ணியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. கீழே கிடந்த துண்டுத் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அண்ணி குழந்தையின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவள் பக்கம் தலையைத் திருப்பவில்லை. அது இரக்கம்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், தைத்த துணிகளைக் கொடுக்க அண்ணி வெளியே போனாள். கணவன் வேலையில். குழந்தை தூக்கக் கலக்கத்தில் அத்தையைத் தேடிக்கொண்டு வந்தாள். இல்லையென்றதும் அம்மாவின் முன்னால் வந்து நின்று கண்ணைக் கசக்கினாள். அவள் மடியைக் கொஞ்சம் அகலமாக்கினாள், அவ்வளவுதான். குழந்தை ஏறிப் படுத்தாள். சின்னக் கை மேலே ஊர்ந்து வந்து, தேடி, காது மடலைப் பிடித்துக்கொண்டது.

கால் மரத்துப்போனது. அவள் அசையவில்லை. இப்படியே வீடு இடிந்து விழுந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

அதற்கான விலையைக் குழந்தை கொடுத்தாள். அன்று சாயங்காலமே, "அத்தை வேணாம்! அம்மா! அம்மா!" என்று ஆரம்பித்தது. மறுநாளும். அதற்கு மறுநாளும். அண்ணியின் கன்னத்தில் நகக்கீறல். தொண்டை கட்டிப்போய்க் கோழிக்குஞ்சு மாதிரிக் கத்தியது குழந்தை. கடைசியில் களைத்துத் தூங்கிய பிறகு அண்ணி அடுப்படிக்கு வந்தாள்.

"அன்னிக்கு நான் இல்லாதப்ப தூங்க வச்சியா?"

அவள் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்காகவா வச்ச, உனக்காகவா?"

"எனக்காகத்தான்" என்றாள். பொய் சொல்லத் தெம்பில்லை. "நான் போகல அண்ணி. நாளைக்கே ஆபீஸ்ல சொல்லிடறேன்."

"சொல்லு. மனசார சொல்லு, இப்பவே மிஷினைக் கட்டிக்கிட்டுக் கிளம்பறேன். ரொம்ப சந்தோஷமா போவேன். என் முகத்தைப் பார்த்துச் சொல்லு, போகலைன்னு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள். குழந்தையின் அழுகை இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. அப்போதும் அவளுக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. அந்த உயரமான வெறும் குழாயும், கீழே நின்று மேலே பார்க்கும் தானும், கண்ணை விட்டுப் போகவில்லை. இப்படி ஒரு ஆசை தனக்குள் இருக்கிறதே என்று தன்னையே பிய்த்துப் போட வேண்டும் போலிருந்தது.

அண்ணி பெருமூச்சு விட்டாள். "போகணும்னு நினைக்கறது தப்பில்ல. அதை யாரும் தப்புன்னு சொல்லல. ஆனா போறவ போறவளா இரு." சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ திரும்பி வந்ததும் அவ உன்கிட்ட ஓடிடுவா. ஓடத்தான் வேணும். அன்னிக்கு என்னை யாரு பழக்குவாங்க?"

அவளுக்கு இது தோன்றியதே இல்லை. அண்ணியின் கையைப் பிடித்தாள். இருவரும் அப்படியே நின்றார்கள்.

அனுமதி வந்துவிட்டது. மத்தியான விமானம். கிளம்புவதற்கு முந்தின நாள், கணவன் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னான். "காலையில அவ எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே கிளம்பிடலாமே. பார்த்தாத்தானே அழுவா?"

அண்ணி மிஷினை நிறுத்தினாள். "நம்ம அம்மா வேலைக்குன்னு வெளியூர் போனப்ப அப்படித்தான்டா போனாங்க. நீ தூங்கிட்டிருந்த. எழுந்து கட்டிலுக்கு அடியில தேடின. அலமாரியைத் திறந்து தேடின. தண்ணி டிரம்மைக்கூட எட்டிப் பார்த்த."

"எனக்கு ஞாபகமே இல்லையேக்கா."

"எனக்கு இருக்கே."

அதனால் அவள் குழந்தையிடம் சொல்லிவிட்டே போவதென்று முடிவு செய்தாள். இத்தனை வாரங்களில் ஒருவரும் அந்தக் குழந்தையிடம் நடப்பதைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் சேர்ந்து பழக்கினார்களே தவிர, எதற்கென்று யாரும் சொல்லவில்லை.

காலையில் குழந்தையின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"பாப்பா, அம்மா வேலைக்குப் போறேன். ரொம்ப தூரம். இன்னிக்கு வரமாட்டேன்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வரமாட்டேன். ரொம்ப நாள் ஆகும். அத்தை இருப்பாங்க, அப்பா இருப்பாங்க. அப்புறம் அம்மா வந்துடுவேன்."

குழந்தை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினாள். எழுந்து உள்ளே போனாள். அப்பாடா என்று கணவன் மூச்சுவிட்டான். குழந்தை திரும்பி வந்தாள். கையில் அவளுடைய சின்னச் செருப்பு. அதைக் கொண்டுவந்து அம்மாவின் பெட்டி மேல் வைத்துவிட்டு, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"போடு" என்றாள்.

"பாப்பா வர முடியாதுடா" என்று அவளே சொல்ல வேண்டியிருந்தது. புரிந்த அந்த நொடியில் குழந்தையின் முகம் கோணியது. அண்ணி வாரித் தூக்கினாள். அத்தனை வாரம் பாடுபட்டுப் பழகியதெல்லாம் ஒன்றுமில்லாமல் போனது. அண்ணியின் தோளுக்கு மேல் இரண்டு கையையும் நீட்டி, உடம்பையே வில்லாக வளைத்து, அம்மாவை நோக்கிப் பாய்ந்தாள் குழந்தை. "போ, போயிடு, நிக்காத!" என்று அண்ணி கத்தினாள். அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள். இரவல் வாங்கிய காரைக் கணவனே ஓட்டினான். ஊரையே சிரிக்க வைப்பவன், கியரை மாற்றும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

வந்து சேர்ந்த நாட்டில் அவளுக்குக் கிடைத்த அறையில் ஒரு கட்டிலும், பூட்டிய ஜன்னலும் இருந்தன. வெளியே பெயர்ப் பலகை எதையும் படிக்கத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டடத்தை முதல் நாளே போய்ப் பார்த்தாள். அவள் நினைத்தபடியேதான் இருந்தது அந்தக் குழாய், அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரம். பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை.

சில நாள் கழித்து மறுபடியும் வீட்டுக்குப் போன் செய்தாள். அண்ணிதான் எடுத்தாள்.

"சாப்பிட்டியா? குளிருதா?"

"பரவாயில்ல அண்ணி. பாப்பா?"

"இருக்கா. போனைக் காட்டினா முகத்தைத் திருப்பிக்கறா. உன் குரல் கேட்டா எழுந்து உள்ள போயிடறா. கோவம்."

"கோவம்தானே?"

"கோவம்தான். மறந்தெல்லாம் போகல."

அவள் கேட்டாள். "அண்ணி, போனைக் கட் பண்ணாம அப்படியே அங்க எங்கயாவது வச்சுடறீங்களா? நான் பேச மாட்டேன்."

அண்ணி போனை மிஷின் பக்கத்தில் அப்படியே வைத்தாள். தையல் மிஷின் ஓடுவது கேட்டது. குழாயில் தண்ணீர் விழுந்தது. எங்கோ பக்கத்தில் குழந்தை பொம்மை நாயை அதட்டிக்கொண்டிருந்தாள், அதற்குச் சாப்பிடத் தெரியவில்லையாம். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ஒரு சத்தம் போட்டாலும் குழந்தை அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.