மூத்தவள் சொன்ன சாட்சி

"போலீஸ்காரம்மா பத்து மணிக்கு வராங்க. சின்னவ கால் வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

மூத்த மருமகளிடம் சொல்லிக்கொண்டே மாமியார் மாடிப்படியை மூன்றாம் தடவையாகக் கழுவினாள். கறை எப்போதோ போய்விட்டது. கை மட்டும் நிற்கவில்லை.

முந்தின நாள் காலை, தாய் வீட்டுக்குப் போய் வரட்டுமா என்று கேட்ட குற்றத்துக்காகக் கொழுந்தன் தன் மனைவியை மேல்படியிலிருந்து தள்ளினான். கீழே நின்று அதைப் பார்த்தவள் மூத்தவள் ஒருத்திதான். சின்னவள் தாடை உடைந்து, பேச முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

கொழுந்தன் கூடத்தில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தான். வெகுநேரமாக ஒரு பக்கம்கூடப் புரளவில்லை.

"நாங்க சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நீ சொன்னாத்தான் எடுபடும்" என்றான் மூத்தவளின் கணவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அது உண்மைதான். தெருக்கோடியில் அவள் தையல் கடை வைத்துப் பதினாலு வருஷம். வெட்டியது போக மிஞ்சிய துணியைக்கூட மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். 'துண்டுத்துணி அக்கா' என்று முதலில் கேலி பேசிய தெரு, போகப் போக அதையே மரியாதையாகச் சொல்லத் தொடங்கியது. தினமும் விடிந்ததும் கண்மூடி நின்று, "சாமி, இன்னிக்கும் என் நாக்கைக் காப்பாத்து" என்று ஒரே ஒரு வரி வேண்டிக்கொள்வாள். பல் விளக்குவது போல அதுவும் ஒரு பழக்கம் என்றுதான் வீட்டார் நினைத்திருந்தார்கள்.

அன்று காலை அந்த ஒரு வரி வர மறுத்தது.

மாமியார் ஈரக்கையோடு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "இந்தப் படியிலதான் நீயும் தினம் ஏறி இறங்கற. ஞாபகம் வச்சுக்கோ."

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

பெண் காவலர் உட்கார்ந்ததுமே மாமியார் முந்திக்கொண்டாள். "என் மூத்த மருமக வாயில பொய்யே வராதும்மா. தெருவுல யாரை வேணா கேளுங்க. அவளே சொல்லட்டும்."

எல்லாக் கண்களும் அவள்மேல் திரும்பின. காலையில் வராத அந்த வரி இப்போது மனதுக்குள் தானாக ஓடியது.

"அவ விழலைங்க. எங்க கொழுந்தன் தள்ளிவிட்டாரு. நான் பார்த்தேன்."

செய்தித்தாள் தரையில் சரிந்தது.

"அடிப்பாவி! பொய் சொல்றா, பொய்!" மாமியார் கத்தினாள்.

பெண் காவலர் எழுதுவதை நிறுத்தவில்லை. "இவங்க பொய்யே சொல்ல மாட்டாங்கன்னு இப்பத்தானேம்மா சொன்னீங்க?"

கொழுந்தனை வண்டியில் ஏற்றினார்கள். அந்த வண்டி தெரு முனையைத் தாண்டுவதற்குள் கணவன் அவளுடைய துணிமணியை வாசலில் கொண்டுவந்து போட்டான். அவள் மூட்டையை எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்தாள்.

அன்றிலிருந்து தெரு வேறு பாட்டுப் பாடியது. "உத்தமி வேஷம் போட்டு இருந்த வீட்டையே கவுத்துட்டாளே!" அதை உரக்கச் சொன்னவள் எதிர்வீட்டு வாத்தியார் மனைவி. தைக்கக் கொடுத்திருந்த துணிகளை ஒவ்வொருவராக வந்து திரும்ப வாங்கிப் போனார்கள். மூத்தவள் காலையும் மாலையும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சின்னவளுக்குக் கஞ்சி புகட்டிவிட்டு வந்து, வெறும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பயம் போகவில்லை. ஆனால் வேண்டுதல் ஒரு நாளும் தடைப்படவில்லை.

ஐந்தாம் நாள் நண்பகலில் வாத்தியார் மனைவி கடைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். கையில் துணி இல்லை. முதுகைத் திருப்பி, முந்தானையை விலக்கினாள். பெல்ட்டின் தடம் பழையதும் புதியதுமாக வரிவரியாக இருந்தது.

அக்கா எழுந்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"உட்காரும்மா. எத்தனை நாளா நடக்குது?"

"கல்யாணமான மறுவாரத்துலேருந்து அக்கா."