வேண்டாம் என்று சொல்லாதவர்

முதியோர் இல்லத்தின் மூன்றாம் மாடியில் அவள் பணிப்பெண். கணவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். மகள் தூர தேசத்தில். மதியத்தில் துணி அலமாரிகள் நிற்கும் அறையில் தனியாகச் சாப்பிடுவாள்.

பதினெட்டாம் அறைக்கு ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் புதிதாக வந்திருந்தார். தட்டை நீட்டினால் “அப்புறம்” என்பார், அவ்வளவுதான். குறிப்பேட்டில் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். மற்றவர்களைப் பார்த்து அவளும் ‘ரெஃப்யூஸ்ட்’ என்றே எழுதிவந்தாள்.

மூன்றாம் நாள் ஹெட் நர்ஸ் குறிப்பேட்டைப் புரட்டினார். ஆறு வேளை மறுத்திருக்கிறாரே, நாளை டாக்டர் வந்ததும் மூக்கில் குழாய் போட்டுவிடலாம் என்றார். ஆறில் நாலு அவள் கையெழுத்து.

வீட்டுக்குப் போனதும் மகளின் பள்ளிக்கூட அகராதியை எடுத்து உட்கார்ந்தாள். ரெஃப்யூஸ், டிக்ளைன், டர்ன் டவுன் எல்லாம் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள். எல்லாமே வேண்டாம் என்றுதான் சொல்லின. கார்டு ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. தேடித்தேடி ‘புட் ஆஃப்’ கிடைத்தது: தள்ளிப்போடுதல். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மகளுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை.

காலையில் தன் வரிகளுக்குக் கீழே அதை எழுதிவைத்தாள். இரண்டும் ஒன்றுதானே என்றார் ஹெட் நர்ஸ்.

“இல்ல சிஸ்டர். வேண்டாம்னா கதவைச் சாத்துறது. இவர் அப்புறம்னுதான் சொல்றார். ஏன் அப்புறம்னு நாமதான் கேக்கல.”

மதியம்வரை பார்க்கலாம் என்று ஹெட் நர்ஸ் விட்டுவிட்டார்.

மதியம் அவள் கேட்டாள். கார்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“முப்பத்தோரு வருஷம் கடைசிப் பெட்டில தனியா சாப்பிட்டேன்மா. இனிமே முடியல.”

அவள் தன் டிபன் பாக்ஸை எடுத்துவந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கார்டு ஒன்பது வாய் சாப்பிட்டார். குழாய்ப் பேச்சு நின்றது.

பதினோரு நாள் அப்படிப் போனது. பிறகு ஆள் போதவில்லை என்று அவளை முதல் மாடிக்கு மாற்றினார்கள். மூன்றாம் மாடிக்கு வந்த புதுப்பெண்ணிடம், கூட உட்கார்ந்தால்தான் சாப்பிடுவார் என்று சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு இன்னும் பதினாலு தட்டு இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு ஓடினாள்.

மேலே இப்போது என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்க அவளுக்கு அனுமதியில்லை. மாலையில் பஸ்ஸுக்கு நிற்கையில் மூன்றாம் மாடி ஜன்னல்களை எண்ணிப் பதினெட்டாம் அறையைக் கண்டுபிடிப்பாள். விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.